ஏட்டில் வாழும் ஊர்கள்



ஓர் ஊரை அழிக்க வாளும் தீயும் வேண்டியதில்லை. அதன் பெயரை மறந்துவிட்டால் போதும். பெயர் போனபின் ஏரி எவருடையது, மேய்ச்சல் நிலம் எதுவரை என்று கேட்பதற்கும் ஆளிராது.

இச் சதுரங்கப்பட்டினத்தையே பாருங்கள்! சம்புவராயர் காலத்தில் இராசநாராயணன் பட்டினம் என்றும் வழங்கிய துறைமுகம் இது. துணி வாணிகத்திற்கு வந்த ஒல்லாந்தர் இங்கே கோட்டை எழுப்பினர். அயலார் நாவில் பெயர் சிதைந்து ‘சத்ராசு’ ஆயிற்று. இன்றோ, அணுமின் நிலையத்தால் கல்பாக்கம் என்றால்தான் வெளியூரார்க்கு விளங்குகிறது. பட்டினத்திற்கே இந்நிலையெனில் சிற்றூர்களின் நிலை என்ன?

அவற்றைத் தேட வழியுண்டு. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுப் பகுதியைக் கும்பணியார்க்கு அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறிஞர் அதனை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள்! வீடுகள் எத்தனை, எவர்க்கு என்ன தொழில், விளைவு எவ்வளவு, களத்தில் கோயிலுக்கும் ஏரிக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் எவ்வளவு மேரை என்று ஊர்க்கணக்கர் ஓலையில் எழுதினர். ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளது. விரிவான தமிழ் ஓலைகளோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டுக் கணக்குகள் 2001-இல் நூலாயின. ஊரின் உயிரை அறிய விரும்புவோர் தமிழேட்டிடமே வரவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொடர்வண்டிக் கால அட்டவணையும் ஓர் ஊர்ப்பட்டியலே. ஒத்திவாக்கம், படாளம், கரசங்கால், பாலூர், பழையசீவரம் என்னும் பெயர்களை நாள்தோறும் பலர் படிப்பது நிலையப் பலகையால்தான். வண்டி நில்லாது போயின், அப்பெயர் அட்டவணையினின்றும் மறையும். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் பெயரும் இத்தடத்தில் ஒரு நிலையத்திற்கு உண்டு. பெயர் காக்கும் வலிமை பலகைக்கும் இருக்கிறது! சதுரங்கப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வரவில்லை. பக்கிங்காம் கால்வாயே வழியாயிற்று. படகுகள் நின்றபின் படகுத்துறைகளும் நினைவினின்று நழுவின.

2020 சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுத அரசாணை வந்தது. அத்திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆணைக்குக் காத்திராமல் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. முதியோரிடம் வயற்பெயர், ஏரிப்பெயர், துறைப்பெயர் கேட்டெழுதுங்கள். அவற்றை வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டோடும் பழைய கால அட்டவணையோடும் ஓலைக்கணக்கோடும் ஒப்பிடுங்கள். பாக்கம், பட்டு என முடியும் ஊர்கள் பல. ஒரே பெயரில் ஈரூரும் இருக்கலாம். பெயரொப்புமை மட்டும் போதாது. ஏரியும் எல்லையும் பொருந்தினாலன்றி முடிவு கூறற்க.

கேட்டுச் சொல்லும் முதியோர் என்றும் இருக்கமாட்டார். ஓலையும் என்றும் இராது. இன்றே எழுதுக!