மாட்டப்படாத ஓவியம்

(பள்ளி மாணவர்களின் ஓவியக் கண்காட்சித் தொடக்க நிகழ்வில் ஆற்றிய உரை)



நான் அரசுப் பள்ளியில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்தவன். விழிப்புணர்வு ஓவியப் போட்டி என்றால் என்ன தலைப்பு வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். மரம் வளர்ப்பு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. பிள்ளைகள் பூமி உருண்டையை வரைந்து அதற்குக் கண்ணீர் வைப்பார்கள். நானும் பரிசு கொடுப்பேன். மரம் வளர்க்க வேண்டியதுதான். ஆனால் மரத்தை வரைந்தால் ஊரில் ஒருவருக்கும் கோபம் வராது பாருங்கள்.

2017 வாக்கில் ஒருமுறை தீண்டாமை ஒழிப்பு என்று தலைப்பு வந்தது. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் எங்கள் பள்ளிக் குழாயடியை வரைந்திருந்தாள். வரிசையில் நின்ற பையன்களுக்கு முகம் கிடையாது, மணிக்கட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் கயிறு. கடைசிக் கையில் கயிறும் இல்லை, தம்ளரும் இல்லை.

தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "விழாவுக்கு ஊர்க்காரங்க வருவாங்க சார். கயிறு எல்லாத்தையும் வெள்ளையாக்கிடச் சொல்லுங்க" என்றார். நான் மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். மறுக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் போய் அப்படியே சொன்னேன். "வெள்ளை அடிச்சா அது என்ன கயிறுன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாள். நிறத்தை மாற்ற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். படம் மாட்டப்படவில்லை. என் பீரோவுக்குள் போனது.

2019-இல் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அது அமுங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, அவன் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு வந்தது. மாணவர்கள் நிறக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். என் பீரோவுக்குள் இருந்த வாட்டர் கலர் படம் சொன்னதும் அதைத்தான்.

இங்கே ஒரு மாணவன், ஒரே ஊரிலிருந்து இரண்டு சுடுகாட்டுக்குப் போகும் இரண்டு பாதைகளை வரைந்திருக்கிறான். ஒன்று தார்ச்சாலை. இன்னொன்று வயல் வரப்பு. கீழே ஊர்ப் பெயரையும் எழுதியிருக்கிறான். அந்தப் பெயர் மேல் காகிதம் ஒட்டிவிடலாமா என்று காலையில் அமைப்பாளர் ஒருவர் கேட்டார். ஒட்ட வேண்டாம் தோழர். வேண்டுமானால் மாணவன் பெயரை எடுத்துவிடுங்கள். சாயங்காலம் அவன் அந்த ஊருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். தன் பெயர் இல்லாததில் அவனுக்கு வருத்தம்தான், என்னிடமே சொன்னான். யாராவது வந்து கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், வரையச் சொன்னவன் நான்தான் என்று. பதில் சொல்வது பெரியவர்கள் வேலை.

குழாயடிப் படம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளிடம் போனில் அனுமதி கேட்டுத்தான் மாட்டியிருக்கிறேன். கயிறு நிறங்கள் மங்கவில்லை. போய்ப் பாருங்கள்.