காணிக்குக் கீழே உள்ள சொத்து

காணிப் பிரச்சினை என்றதும் பொருளியலாளர் மனத்தில் பெருநிலக்கிழாரும் குத்தகைக் குடியானவரும்தான் வருவர். இலங்கையின் 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அந்தப் பார்வையில் எழுந்ததே. வயலுக்கு 25 ஏக்கர், மற்றக் காணிக்கு 50 ஏக்கர் என்று அது உச்சவரம்பு வைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை. இங்கே காணியைப் பரப்பில் அளக்கிறோம். 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையின்படி காணி முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் பிரிந்துகொண்டே வந்திருக்கிறது. காணியற்றோர் இங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சாதியின் பெயரால் நிலமும் கிணற்று நீரும் மறுக்கப்பட்டவர்களின் வரலாறு நமக்குண்டு. உச்சவரம்புச் சட்டம் அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை, ஏனெனில் பறித்துக் கொடுக்கப் பெருங்காணி இங்கே இருக்கவில்லை.

இவ்வளவு சிறு துண்டுகளில் பயிர்செய்து மேம்பட முடியாது, காணிகளை ஒன்றாக்க வேண்டும் என்பது பலர் சொல்லும் மறுப்பு. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் செம்மண் தோட்டங்கள் அதற்கு விடை சொல்லியிருக்கின்றன. திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போன புகையிலை சிறு தோட்டங்களில் விளைந்ததே. 1970களில் வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவது தடுக்கப்பட்டபோது, இதே துண்டுக் காணிகள் நாட்டின் தேவையில் பெரும்பங்கைத் தாங்கின. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. காணியின் அளவு அப்போதும் அதேதான். ஆகவே அந்த ஏற்றமும் இறக்கமும் சந்தையால் வந்தவை, காணியின் அளவால் அல்ல. விளைச்சலைத் தீர்மானிப்பதோ நீர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்த நிலத்தில் மாரி மழையைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சி வைத்திருக்கிறது. அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நம் உறுதிகளில் காணியோடு கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரித்தும் எழுதப்படுவது இதனால்தான்.

கைத்தொழிலையும் இந்த நீரை வைத்தே எடைபோட வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரால் மூடப்படும்வரை இயங்கியது. அது அகழ்ந்த கல்லும் நம் கிணறுகளின் நீரைச் சுமக்கும் கல்லும் ஒன்றே. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு ஆனையிறவு உப்பு போதுமாயிருந்தது. இரண்டும் பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. அதைக் குறைத்து மதிக்க மாட்டேன். ஆனால் தோட்டத்து விளைவை இவை இரண்டும் கேட்கவில்லை. உழவில் மிகையாயிருக்கும் உழைப்பு ஆலைக்குப் பெயர்வதே வளர்ச்சி என்று பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதினார். குடாநாட்டில் அந்த மிகை உழைப்பு எங்கே? பள்ளிக்கூடம் வழியே மலாயாவுக்கும் கொழும்புக்கும், பின்னர் போர் துரத்திக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அது எப்போதோ போய்விட்டது. இன்று வெங்காயம் நடக் கூலியாள் தேட வேண்டியிருக்கிறது. மிஞ்சியிருப்பது அறுவடை நாளில் ஒரேயடியாகச் சந்தையில் குவிந்து விலையிழக்கும் விளைவு. அதைக் காயவைத்து, பதப்படுத்தி, சேமித்து விற்கும் தொழில்தான் இந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது.

வேறு தொழில் வேண்டாமா என்று இளைஞர் கேட்பது நியாயம். வரட்டும், ஆனால் சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கிணற்று நீரில் கலந்து, வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றதை மறந்துவிட்டு வரக் கூடாது. நீரைக் கெடுத்த குற்றம் ஆலைகளுடையது மட்டுமல்ல. அளவின்றிக் கொட்டிய யூரியாவால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியதற்கு நம் தோட்டங்களே பொறுப்பு. வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரின் காணியை ஒரு போகத்துக்குக் குத்தகை எடுப்பவர், அடுத்த ஆண்டு அது தம்மிடம் இருக்குமா என்று தெரியாமல் மாட்டெருவுக்கும் பசுந்தாளுக்கும் ஏன் பணம் போடுவார்? குத்தகைக் காலத்தை நீட்டி எழுத்தில் உறுதிசெய்வது, உச்சவரம்பைவிட இங்கே பெரிய காணிச் சீர்திருத்தமாகும். காணிக்காக ஒல்லாந்தர் தோம்பு என்ற பதிவேட்டை எழுதினார்கள். கிணறுதோறும் நீர் எவ்வளவு இறைக்கப்படுகிறது, உவர் எவ்வளவு ஏறியது என்று ஆண்டுதோறும் பதியும் நீர்த்தோம்பு ஒன்றைக் கமநல சேவை நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து எழுதத் தொடங்கலாம். புதிய ஆலைக்கு அனுமதி கேட்டு வருபவர் முன் முதலில் விரிக்க வேண்டிய ஏடு அதுவே.