குழியின் ஆழமும் குடும்பத்தின் எல்லையும்

புரத டைரோசின் பாஸ்பேட்டேஸ்கள் பற்றிய இக்கருத்தரங்கில் தலைமையுரையாக வகைப்பாட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன். ஒரு நொதியை எந்தக் குடும்பத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அதனிடம் நாம் கேட்கும் கேள்விகளும் அமைகின்றன.

1988இல் நிக்கோலஸ் டோங்க்ஸ், எட்மண்ட் ஃபிஷர் குழுவினர் மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிடிபி1பி நொதியைத் தூய்மைப்படுத்தினர். அதன் அமினோ அமில வரிசை, அதுவரை அறிந்திருந்த செரின்–திரியோனின் பாஸ்பேட்டேஸ்களோடு ஒத்துப்போகவில்லை. வெள்ளணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி45 புரதத்தின் உட்பகுதியோடுதான் ஒத்துப்போனது. பாஸ்பேட்டை நீக்க செரின்–திரியோனின் பாஸ்பேட்டேஸ்கள் உலோக அயனிகளை நம்பியிருக்கின்றன. பிடிபி1பியும் சிடி45உம் நம்பியிருப்பதோ ஒரு சிஸ்டீனை.

அந்தச் சிஸ்டீனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிடிபி1பியில் 215ஆம் இடத்தில், ஒரு குழியின் அடியில் அது இருக்கிறது. 221இல் உள்ள ஆர்ஜினின் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள அமைப்பின் காரணமாக, செல்லின் நடுநிலைச் சூழலிலேயே சிஸ்டீன் தன் புரோட்டானை இழந்து பாஸ்பரஸைத் தாக்க ஆயத்தமாக நிற்கிறது. தளப்பொருள் வந்து அமர்ந்ததும் ஒரு வளையம் குழியின் மேல் மூடுகிறது. அதிலுள்ள 181ஆம் அஸ்பார்ட்டேட் புரோட்டானைக் கொடுத்து டைரோசினை விடுவிக்கிறது. பாஸ்பேட் சிறிது நேரம் சிஸ்டீனோடு பிணைந்திருந்து, நீர் மூலக்கூறு ஒன்றால் வெளியேறுகிறது.

1994இல் படிகக் கட்டமைப்பு வெளியானபோது குழியின் ஆழம் சுமார் 9 ஆங்ஸ்ட்ராம் என்று தெரிந்தது. பாஸ்போடைரோசின் அடிவரை எட்டும். குட்டையான பாஸ்போசெரின் எட்டாது. இரட்டைத் தனித்தன்மை கொண்ட விஹெச்ஆர் நொதியில் குழி ஆழம் குறைந்தது. அதனால் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இரு துணைக்குடும்பங்களின் வேறுபாடு இவ்வளவு எளிய வடிவியலில் தங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

2004இல் வெளியான பட்டியல் மனிதரிடமுள்ள 107 மரபணுக்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் மட்டும் 99. இரண்டாம் வகுப்பில் ஒன்றே ஒன்று: குறைந்த மூலக்கூறு எடை நொதி. அதே சிஸ்டீனும் ஆர்ஜினினும் அதனிடம் உண்டு, மடிப்போ வேறு. பரிணாமம் தனிப்பாதையில் அதே தீர்வை எட்டியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சிடிசி25 நொதிகள் மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பான ஈயாவில் சிஸ்டீனுக்குப் பதில் அஸ்பார்ட்டேட் வேலை செய்கிறது.

முதல் வகுப்பிலேயே பிடென் இருக்கிறது. வரிசையைப் பார்த்தவர்கள் அது புரதங்களில் வேலை செய்யும் என எதிர்பார்த்தார்கள். 1998இல் தெரியவந்த முதன்மைத் தளப்பொருள் ஒரு கொழுப்பு: பாஸ்பாட்டிடைல் இனோசிட்டால் டிரிஸ்பாஸ்பேட். பிடென்னைப் புற்றுநோய் அடக்கியாக்கும் முக்கியப் பணியும் இந்தக் கொழுப்பின் வழியாகவே நடக்கிறது. வரிசை ஒற்றுமை உறவைச் சொல்லும். தொழிலைச் சொல்லாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். பிடிபி1பியின் வளையத்திலுள்ள 181ஆம் அஸ்பார்ட்டேட்டை அலனினாக மாற்றினால், நொதி தளப்பொருளைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்கிறது. 1997 முதல் இந்தப் பொறி முறை நம் கையில் இருக்கிறது. புதிய நொதி ஒன்றுக்கு இதுதான் தளப்பொருள் என்று சொல்பவர்கள், இப்படிப்பட்ட சோதனையின் முடிவையும் அவைமுன் வையுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.