கம்பியா ஆற்றிலே ஒரு கோட்டை

மேற்கு ஆபிரிக்காவிலே, கம்பியா ஆறு கடலோடு கலக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் உள்ளே, ஆற்றின் நடுவில் ஒரு சிறு தீவு இருக்கின்றது. அதன் பரப்பு இன்று ஓர் ஏக்கரை எட்டாது. அங்கே நன்னீர் இல்லை. ஒரு குடம் குடிநீர் வேண்டுமானாலும் கரைக்குத்தான் படகு செலுத்தவேண்டும். இத்துணைச் சிறிய நிலத்துக்காக ஐரோப்பிய வல்லரசுகள் நூறாண்டுக்கும் மேலாகப் பொருதின.

காரணம் ஆறுதான். கடலோடும் கப்பல்கள் நெடுந்தூரம் உள்நாட்டுக்குச் செல்லக்கூடிய ஆறு அது. பொன், யானைத்தந்தம், தேன்மெழுகு ஆகியன அவ்வழியே வந்தன. விலைப்படுத்தப்பட்ட மனிதரும் வந்தனர். தீவில் பீரங்கி வைத்தவன் ஆற்றின் வாயிலை அடைத்தவனானான்.

15ஆம் நூற்றாண்டிலே இவ்வாற்றிற்கு முதலில் வந்த ஐரோப்பியர் போர்த்துக்கேயரின் கப்பல்களில் வந்தவர்கள். எனினும், 1651இல் இத்தீவிலே கோட்டை எழுப்பியவர்கள் போர்த்துக்கேயருமல்லர், ஒல்லாந்தருமல்லர். இன்றைய லத்வியா நாட்டின் ஒரு பகுதியாகிய கூர்லாந்து என்னும் சிற்றரசின் கோமகன் யாக்கோபு அனுப்பிய ஆட்களே அவர்கள். பால்டிக் கடலோரத்துச் சிற்றரசன் ஒருவன் வெப்பவலய ஆற்றிலே கோட்டை கட்டியது வியப்புக்குரியதே. பத்தாண்டுகளில் அக்கனவு கலைந்தது. 1661இல் ரொபேட் ஹோம்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றி, தம் மன்னரின் தம்பியாகிய ஜேம்ஸின் பெயரை அதற்குச் சூட்டினர்.

பெயர் சூட்டியதனால் ஆறு அவர்களுக்கு அடங்கிவிடவில்லை. நீரும் விறகும் வடகரையிலே, நியூமி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் இருந்தன. ஆகவே, கோட்டைக்காரர் அம்மன்னருக்கு இறை செலுத்தியே வாழ்ந்தனர். 1695இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து இடித்தனர். 1719இல் கடற்கொள்ளைக்காரன் ஹவல் டேவிஸ் அதனைச் சூறையாடினான். 1725இல் வெடிமருந்துக் கிடங்கு தானே வெடித்தது.

இக்கோட்டையின் வரலாற்றிலே மறக்கவொண்ணாதது அயூபா சுலைமான் ஜாலோ என்பவரின் கதையாகும். உள்நாட்டிலுள்ள பூண்டு என்னும் பகுதியைச் சேர்ந்த மார்க்க அறிஞரின் மகன் அவர். 1730ஆம் ஆண்டளவில், அடிமைகள் இருவரை விற்று, காகிதமும் பிற பொருள்களும் வாங்கிவருமாறு தந்தை அவரை இவ்வாற்றுக்கு அனுப்பினார். ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனோடு விலை பொருந்தவில்லை. ஆற்றைக் கடக்கவேண்டாமெனத் தந்தை தடுத்திருந்தும், அவர் அக்கரை சென்று அவ்விருவரையும் மாடுகளுக்கு மாற்றினார். திரும்பும் வழியிலே பகைவர் அவரைப் பிடித்து, தலையையும் தாடியையும் மழித்து, அதே கப்பல் தலைவனிடம் விற்றுவிட்டனர்! விற்க வந்தவரே விலைப்பொருளாகி, அமெரிக்காவின் மேரிலாந்திலே புகையிலைத் தோட்டத்தை அடைந்தார்.

அங்கிருந்து தந்தைக்கு அரபு மொழியில் அவர் எழுதிய கடிதம் இலண்டனுக்குப் போயிற்று. அதன் பயனாக விடுதலை பெற்று, 1734 ஆகஸ்டில் அவர் ஜேம்ஸ் கோட்டையிலே வந்திறங்கினார். அடிமை வாணிகம் நடத்திய அரச ஆபிரிக்கக் கம்பனியின் விருந்தினராகவே வந்தார். உள்நாட்டு வாணிகத்துக்கு அவர் துணைபுரிவார் என்பது கம்பனியின் கணக்கு. அவருடைய கல்விதான் அவரை மீட்டது. எழுதத் தெரியாதவர், எழுதியும் எவர் கண்ணிலும் படாதவர், எண்ணிறந்தோர். அவர்களுள் ஒருவரேனும் அவ்வாறு மீண்டு வரவில்லை என்றே சொல்லலாம்.

1779இல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் கோட்டையைத் தகர்த்தனர். 1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. பின்னர், கப்பல்களைக் கண்காணிக்க ஆற்றின் முகத்துவாரமே ஏற்றதெனக் கண்டு, 1816இல் பன்ஜுல் நகரையும் 1826இல் புல்லன் கோட்டையையும் அமைத்தனர். ஆற்றுத் தீவு தேவையற்றதாயிற்று.

1976இல் வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ என்னும் நூலால் வடகரையிலுள்ள ஜுபுரே கிராமம் உலகறிந்ததாயிற்று. அந்நூலின் வமிசக் கணக்கை வரலாற்றாசிரியர் பலர் ஒப்பவில்லை. ஆயினும், முன்னோரைத் தேடி வந்தவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2003இல் யுனெஸ்கோ நிறுவனம் தீவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2011இல், அந்நூலின் நாயகன் பெயரால், அது குண்டா கிண்டே தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆற்றலை கரையை அரித்தபடியே இருக்கின்றது. கோட்டை நின்ற காலத்துத் தீவிலே பெரும்பகுதியை நீர் கொண்டுவிட்டது. எஞ்சிய இடிசுவர்களுக்கிடையே பெருக்கமரங்கள் நிற்கின்றன.