சுருளில் கம்பி செல்லும் நெறி

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே நம் மரபு. அவ்வாறிருக்க, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே பண்டகசாலையில் கணக்கு எழுதும் நான் செப்புக் கம்பியைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று அன்பர்கள் வியக்கலாம். காரணம் உண்டு. நம் காலனிப் பிள்ளைகள் சிலர், அரசுப் பணி கிட்டாத நிலையில், கடைவீதியில் மின்விசிறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வைண்டிங் கட்டிப் பிழைக்கின்றனர். வங்கத்து வெயில் ஏறும் சித்திரையிலும் வைகாசியிலும் அவர்களிடம் வேலை குவிகிறது. கட்டிக் கொடுத்த விசிறி இரண்டு மாதத்தில் மீண்டும் புகைந்து வருமாயின், கம்பியின் விலையும் இரண்டு நாள் உழைப்பும் அவர்கள் தலைமேல் விழுகின்றன. காசோடு பெயரும் போகிறது. ஆதலின் இது வயிற்றுப்பாட்டைப் பற்றிய பேச்சே ஆகும்.

விசிறி எரிந்தால் “கம்பி மட்டமானது” என்று கடைக்காரரைப் பழிப்பது வழக்கம். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் பல வேளைகளில் குற்றம் கம்பியில் இல்லை. கம்பி சுருளுக்கு வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது.

கூரை விசிறியில் சுற்றப்படும் 36ஆம் எண் கம்பியின் குறுக்களவு 0.193 மில்லிமீட்டர். அதன்மேல் பூசியுள்ள எனாமல் படலமோ, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவே இருக்கும். ஆயிரக்கணக்கான சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துக் காப்பது அந்த மெல்லிய போர்வைதான். அடுத்தடுத்த இரு சுற்றுகளில் அது கிழிந்து செம்பும் செம்பும் தொட்டுவிட்டால், அந்தச் சுற்று தனக்குள்ளேயே மூடிய வளையமாகிவிடும். அதில் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். அச்சூடு அண்டைச் சுற்றுகளின் எனாமலையும் கருக்கும். மழைக்கால ஈரம் அக்கேட்டை விரைவுபடுத்தும்.

எனாமல் கிழிவது எங்கே? கம்பியை வழிநடத்தும் துளையிலும், ஆணியிலும், கொக்கியிலும்தான். “எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பது நம் பழமொழி. ஊர்க் கிணற்றின் கல் விளிம்பில் கயிறு அறுத்த பள்ளங்களைக் கண்டிருப்பீர்கள். தாய்மார்கள் தம் பழைய தையல் இயந்திரத்தில் நூல் செல்லும் கொக்கியை விரலால் தடவிப் பார்க்கட்டும். பஞ்சு நூல் எஃகிலும் தடம் பதித்திருக்கும். கம்பியும் அவ்வாறே வழிகாட்டியில் பள்ளம் அறுக்கிறது. பின்னர் அப்பள்ளத்தின் கூர்விளிம்பு கம்பியைப் பழிவாங்குகிறது. அக்கீறல் ஓரிடத்தோடு நில்லாது. கம்பி நெடுகக் கோடாக விழும். அதனால்தான் கீறல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்புப் பெருகுகிறது.

இனி உராய்வின் கணக்கைக் கூறுவேன். கப்பலைத் துறையில் கட்டுவோர், கம்பத்தைச் சுற்றிச் சில சுற்றுக் கயிறு போட்டு, ஒரு கையாலேயே பெரும் இழுவையைத் தாங்குவர். ஒவ்வொரு வளைவிலும் இழுவை கூட்டல் முறையில் அன்றிப் பெருக்கல் முறையில் ஏறுவதே அதன் சூட்சுமம். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை இதனை ஆராய்ந்தார். கப்பற்காரருக்கு நன்மை செய்யும் இவ்விதி, கம்பி சுற்றுவோருக்குத் தீங்கு செய்கிறது. உராய்வெண் 0.2 என்று கொள்வோம். 100 கிராம் இழுவையோடு புறப்படும் கம்பி, சுழலாத ஆணி ஒன்றில் செங்கோணமாகத் திரும்பினால் இழுவை 137 கிராம் ஆகிறது, இரண்டாவதில் 187, மூன்றாவதில் 257. சில நூறு கிராம் இழுவையிலேயே இம்மெல்லிய கம்பி நீளத் தொடங்கிவிடும். கம்பி நீண்டால் மெலியும். நூற்றுக்கு ஐந்து நீண்டால், மின்தடை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து ஏறும். கம்பி அறாததால் சுற்றுகிறவருக்கு எதுவும் தெரியாது. தெரிவது விசிறி சூடேறும்போதுதான்.

இதற்குப் பரிகாரம் யாது?

முதலாவது, திருப்பங்களைக் குறைத்தல். கம்பி உருளையும் சுற்றும் இயந்திரமும் கூடியவரை நேர்க்கோட்டில் இருக்கட்டும். வைக்க இடமில்லை என்பதற்காக மூன்று ஆணிகளைச் சுற்றிக் கம்பியைக் கொண்டுவருதல் கூடாது.

இரண்டாவது, திருப்பம் தவிர்க்க முடியாத இடத்தில், ஆணிக்கு மாறாகப் பேரிங் பொருத்திய சிறு கப்பியை வைத்தல். கம்பியோடு கப்பியும் சுழல்வதால் உரசல் பெரும்பாலும் ஒழிகிறது. கப்பி எடை குறைந்ததாக இருத்தல் வேண்டும். கனமாயின் புறப்படும்போதும் நிறுத்தும்போதும் கம்பியை வெட்டி இழுக்கும். மிகச் சிறிய கப்பியும் ஆகாது. குறுகிய வளைவில் மடங்கி நிமிரும் செம்பு விறைத்துப்போகும். சுழலாமல் சிக்கிக்கொண்ட கப்பியோ ஆணியினும் கொடியது.

மூன்றாவது, கம்பி துளை வழியே செல்ல வேண்டிய இடத்தில், மெருகேற்றிய பீங்கான் வளையம் இடுதல். அலுமினா என்னும் பீங்கானின் கடினம் மோஸ் அளவில் 9. வைரத்தின் கடினம் 10. செம்பினுடையதோ 3 மட்டுமே. அது எளிதில் பள்ளமாகாது. ஆனால் கீழே விழுந்தால் விளிம்பு சிதறும், சிதறியதைப் பயன்படுத்தலாகாது.

நான்காவது, தூய்மை. இழுவை தருவதற்காகக் கம்பியைப் பிடிக்கும் கம்பளித் துண்டில் எனாமல் துகளும் செப்புத் தூளும் படியும். சில நாளில் அதுவே உப்புத்தாளாகிவிடும். அதை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். கம்பி செய்வோரே அதன்மேல் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு இட்டு அனுப்புகின்றனர். அதற்குமேல் எண்ணெய் தடவுவது நன்மையன்று. பின்னர் ஊற்றும் வார்னிஷ் பிடிக்காது.

ஐந்தாவது, சோதனை. ஒரு பஞ்சுத் துணுக்கைக் கம்பி செல்லும் வழியெங்கும் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். இழை எங்கே சிக்குகிறதோ, அங்கே கூர்விளிம்பு இருக்கிறது. உருளையின் விளிம்பையும் மறவாமல் தேய்த்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்தபின் மெகர் காட்டும் அளவோடு நிறைவு கொள்ளற்க. உடலுக்கும் சுருளுக்கும் இடையே கசிவு உண்டா என்பதையே அது காட்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே நேர்ந்த பழுதை அது காட்டாது. ஒத்த சுருள்களின் மின்தடையை அளந்து ஒப்பிடுவதும் வேண்டும்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. இரண்டு கப்பி, ஒரு பீங்கான் வளையம், ஒரு பிடி பஞ்சு, அன்றாடம் ஐந்து நிமிடம், அவ்வளவே. புகைந்து திரும்பும் ஒரு விசிறியின் நட்டத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலை தமிழ் வகுப்பு முடிந்தபின் சங்க அறை வெறுமையாகவே கிடக்கிறது. பணிமனையில் முப்பது ஆண்டு கைப்பழக்கம் பெற்று ஓய்ந்திருக்கும் பெரியோர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் மாதத்தில் ஒரு நாள் அவ்வறையில் அமர்ந்து, இத்தொழில் செய்யும் பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்துக் காட்டினால் பேருதவியாகும். வழிகாட்டுவோர் கம்பி செல்லும் பீங்கான் வளையத்தைப் போல் இருக்கட்டும். உறுதி வேண்டும், கீறல் கூடாது.