மனவடுவும் மொழியும்: சிகிச்சை முறைகளைத் தேர்ந்துகொள்ளுதல்



மொழிப் பேரவையின் பொதுச் சொற்பொழிவில் மருத்துவம் சார்ந்த தலைப்பு எதற்கு என்று சிலர் வியக்கலாம். நாம் மருத்துவர் அல்லோம். மொழியியல் கற்றோம், கற்பித்தோம். ஆயினும் மனக்காயத்திற்கு இன்று வழங்கப்பெறும் முதன்மையான சிகிச்சைகள் மருந்தைவிடச் சொல்லையே பெரிதும் நம்பியிருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் சொல்கிறார், சிகிச்சையாளர் கேட்கிறார், வினவுகிறார், திருப்பிச் சொல்கிறார். ஆகவே எந்தச் சிகிச்சை தக்கது என்னும் வினாவோடு, எந்த மொழியில் என்னும் வினாவும் சேர்ந்தே வருகிறது. இந்த இரண்டாம் வினாவை எழுப்புவது மொழி பயின்றோரின் கடமை என்று கருதுகிறோம்.

முதலில் பெயரைக் காண்போம். விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை, பேரிடர், போர் போன்றவற்றிற்கு ஆட்பட்டவரின் நிலையை நம் நாட்டு ஊடகங்கள் 'மன அதிர்ச்சி' என்றும் 'மனவுளைச்சல்' என்றும் குறிக்கின்றன. ஈழத் தமிழில் 'மனவடு' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்கால மக்களின் உளநிலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1998இல் வெளியிட்ட நூலின் தலைப்பும் 'வடுப்பட்ட மனங்கள்' என்னும் பொருள் தருவதே. இச்சொற்களிடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. அதிர்ச்சி என்பது நிகழும் கணத்தைக் குறிக்கும். வடு என்பது அதன்பின் எஞ்சுவதைக் குறிக்கும். மனவுளைச்சல் என்பதோ தேர்வுக் கவலைக்கும் வேலைப்பளுவுக்கும்கூட வழங்கும் பொதுச்சொல். ஒருவர் கிளினிக்கில் சென்று 'எனக்கு மனவுளைச்சல்' என்று மட்டும் சொன்னால், மருத்துவர் வேறொன்றைக் கருதிக்கொள்ள இடமுண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இந்நிலைக்குத் தனியிடம் தந்தது. நடந்தது மீண்டும் நடப்பதுபோல் நினைவில் புகுதல், அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கி விழித்திருத்தல் ஆகியவை இதன் முதன்மை அடையாளங்கள். நிகழ்வுக்குப் பின் சில நாள் இவை தோன்றுவது இயல்பு. பலருக்குச் சிகிச்சை இன்றியே தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் உறவையும் குலைக்கும்போதுதான் சிகிச்சை பற்றி எண்ண வேண்டும். வடு என்றதும் அது மாறாதது என்று கொள்ளலாகாது. இது தீர்க்கத்தக்க நோய்.

இனிச் சிகிச்சை முறைகளுக்கு வருவோம். அவற்றை மருத்துவ நூல்கள் வகுக்கும் முறையில் அல்லாமல், ஒவ்வொன்றும் நம்மிடம் எத்தகைய பேச்சைக் கேட்கிறது என்னும் நோக்கில் வகுத்துக் காண்போம்.

முதலாவது, எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறை. பாதிக்கப்பட்டவர் கண்களை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில் உரக்கச் சொல்கிறார். 'கதவைத் திறந்தேன்' என்று அன்று, 'கதவைத் திறக்கிறேன்' என்று சொல்கிறார். ஒரே அமர்வில் இதனைப் பலமுறை சொல்கிறார். ஒலிப்பதிவை வீட்டில் கேட்கிறார். அஞ்சித் தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகச் செல்கிறார். ஏறத்தாழ 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை நடைபெறும். நினைவு ஆபத்தன்று, ஆபத்து கடந்துவிட்டது என்பதை மனம் மெல்லக் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, பட்ரிஷியா ரெசிக் உருவாக்கிய எண்ணச் சீராய்வு முறை. பாலியல் வன்கொடுமையிலிருந்து மீண்டோர்க்காகத் தொடங்கிப் பின்னர் மற்றவர்க்கும் விரிந்தது. பொதுவாக 12 அமர்வுகள். இதில் கதையைவிட வாக்கியத்திற்கே முதன்மை. அந்நிகழ்வு ஏன் நடந்தது, தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணத்தை அது எவ்வாறு மாற்றியது என்று எழுதச் சொல்வர். பின்னர் மனம் சிக்கிக்கொண்ட வாக்கியங்களைப் பிரித்தெடுத்து, அவை உண்மைதாமா என்று சிகிச்சையாளரும் அவரும் சேர்ந்து ஆராய்வர்.

மூன்றாவது, எடுத்துரைப்பு முறை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், போரிலும் அகதி வாழ்விலும் பல கொடுமைகளைக் கண்டவர்க்கென இதனை அமைத்தனர். தரையில் ஒரு கயிற்றை வாழ்க்கையாக நீட்டி, நல்ல நிகழ்வுக்கு மலரும் தீய நிகழ்வுக்குக் கல்லும் வைத்து, பிறப்பு முதல் வரிசையாகச் சொல்லச் செய்வர். சிகிச்சையாளர் அதனை எழுதி, அடுத்த அமர்வில் படித்துக் காட்டித் திருத்தம் கேட்பார். முடிவில் அந்த ஏடு சொன்னவர் கையிலேயே தரப்படும்.

நான்காவது, ஃபிரான்சின் ஷபிரோ 1989இல் ஆய்வாக வெளியிட்ட கண்ணசைவு முறை, இ.எம்.டி.ஆர். என்று வழங்கும். நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இடமும் வலமும் அசையும் சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கண்ணசைவின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆயினும் பலர் குணமடைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சொல்ல நா எழாதவர்க்கு இஃது ஒரு வாயில்.

இவற்றுள் எது சிறந்தது? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, காயத்தை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சையையும் கண்ணசைவு முறையையும் பரிந்துரைக்கிறது. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியும் அவ்விரண்டையும் ஏற்கிறது. மருந்தை விரும்புவோர்க்கு செர்ட்ரலின் போன்றவற்றையும் கருதலாம் என்கிறது. நாம் கூறிய முதல் மூன்று முறைகளும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்னும் குடும்பத்தில் அடங்குபவையே. நிகழ்வு நடந்த உடனே அனைவரையும் அமர்த்தி எல்லாவற்றையும் சொல்லச் செய்யும் முறையை அவ்வழிகாட்டி விலக்குகிறது. 'மனம்விட்டு அழுது கொட்டிவிடு' என்று நாம் நல்லெண்ணத்தோடு வற்புறுத்துவதும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழர் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய பின், ஏற்கெனவே போரால் நலிந்திருந்த இலங்கையின் வடகிழக்கில், அகதி முகாமில் இருந்த 31 சிறாரை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குச் சிறார்க்கேற்ற எடுத்துரைப்பு முறை. மற்றதற்குத் தியானமும் உடல் தளர்த்தலும். சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். முடிவுகள் 2009இல் வெளியாயின. இரு குழுவினரும் நன்கு தேறினர். இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சையே பெறாத மூன்றாம் குழு ஒன்று இல்லாமையால், தானாகத் தணிந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆய்வும் சிறியது. எனினும், பேசும் வழியொன்றும் அமைதி வழியொன்றும் சிறாரின் சொந்தச் சமூகத்தவர் கையால் அளிக்கப்பட்டபோது, அவை ஏறத்தாழ ஒத்த பயனோடு நின்றதை இது காட்டுகிறது.

ஆகவே நாம் சொல்லவருவது இதுவே. சான்றுள்ள முறைகளுள் எது என்பதைவிட, அம்முறை கேட்கும் பேச்சை இம்மனிதர் எம்மொழியில், யாரிடம் பேச இயலும் என்பதையே தேர்வின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். இதனைத் தமிழ் இலக்கணத்திலிருந்தே மூன்று சான்றுகளால் விளக்குவோம்.

ஒன்று, 'தான்' என்னும் இடைச்சொல். 'என்னால் நடந்தது' என்பது வேறு, 'என்னால்தான் நடந்தது' என்பது வேறு. பின்னதில் ஏனைய காரணங்கள் அனைத்தும் விலக்கப்பட்டுப் பழி முழுவதும் ஒருவர்மேல் விழுகிறது. 'நான் அன்று அனுப்பாமல் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான்' என்னும் நிபந்தனைத் தொடரிலும் அதுவே நிகழ்கிறது. எண்ணச் சீராய்வு முறை தேடும் சிக்கல் வாக்கியங்கள் இவையே. மொழிபெயர்ப்பாளர் 'தான்' என்பதை விட்டுவிட்டால், சிகிச்சையாளர் ஆராய வேண்டிய இடமே மறைந்துவிடும்.

இரண்டு, மதிப்புச் சுட்டு. வீட்டுப் பெரியவர் ஒருவரால் கொடுமைக்கு உள்ளான பெண், பல ஆண்டு கழித்தும் 'மாமா வந்தார், அவர் சொன்னார்' என்றே சொல்வார். ஒருநாள் 'அவன் செய்தான்' என்று சொல்லக்கூடும். தமிழ் அறிந்த சிகிச்சையாளர் அக்கணத்தை உணர்வார். ஆங்கிலத்திலும் மலாயிலும் அவ்விரு வாக்கியமும் பெரும்பாலும் ஒரே சுட்டுச்சொல்லில் அடங்கிவிடும்.

மூன்று, கொடை வேற்றுமை. 'நான் அஞ்சுகிறேன்' என்று நம் மக்கள் அன்றாடம் சொல்வதில்லை. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்கிறார்கள். இவ்வமைப்பில் அச்சம் ஒருவரிடம் வந்து நிற்பது, அவர் செய்வதன்று. வந்தது போகவும் கூடும். சிகிச்சையாளர் பல அமர்வுகளில் உணர்த்த முயல்வதன் ஒரு கூறு நம் வாக்கிய அமைப்பில் முன்பே உள்ளது. தமிழில் பணிபுரியும் ஆலோசகர் இதனைப் பயன்கொள்ளலாம்.

இவ்வாறு கூறுவதால் தமிழர் அனைவரும் தமிழிலேயே சிகிச்சை பெற வேண்டும் என்று பொருளன்று. இருமொழியாளர் பலருக்குத் தாய்மொழிச் சொல் அதிகமாகச் சுடும், பின்னர்க் கற்ற மொழிச் சொல் சற்றே விலகி நிற்கும் என்பதை அனெட்டா பாவ்லென்கோ 2005இல் வெளியிட்ட நூல் முதலியவை விரித்துரைக்கின்றன. தமிழில் சொல்ல நாணுவதை ஆங்கிலத்தில் சொல்ல இயலும் இளையோர் நம்மிடையே பலர். அவர்க்கு அவ்விலகலே தொடக்கத்தில் துணையாகலாம். நடந்தபோது காதில் விழுந்த சொல் தமிழ்ச்சொல்லாயின், என்றாவது ஒருநாள் அதனைத் தமிழிலேயே எடுத்துவைக்க நேரலாம். எப்போது, எம்மொழியில் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இந்நாட்டில் நாம் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. பாட்டி தமிழ் மட்டும் அறிந்தவர், மருத்துவர் தமிழ் அறியாதவர், இடையில் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கிறது. இருமல், காய்ச்சல் என்றால் போகட்டும். மனக்காயத்தில் இது தகாது. பிள்ளையின் முன் பாட்டி சொல்லமாட்டார். சொன்னாலோ, அச்சுமையைப் பிள்ளை சுமக்கும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்கு நாம் தயங்கலாகாது.

சிகிச்சையைத் தேடுவோர் முதற் சந்திப்பில் சில வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். தாங்கள் பின்பற்றும் முறை யாது? அதில் நடந்ததை நான் விரிவாகச் சொல்ல வேண்டுமா, எழுத வேண்டுமா? எத்தனை அமர்வுகள்? வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி உண்டா? தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் தங்களுக்குப் புரியுமா? இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? தங்கள் தகுதியும் பதிவும் யாவை? மலேசியாவில் ஆலோசகர் பதிவுக்கென 1998ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. இவ்வினாக்களுக்கு நேராக விடை தருபவரே துணைநிற்கத் தக்கவர். சில அமர்வுக்குப் பின்னும் பயன் தோன்றவில்லையெனில், முறையை மாற்றுவது பற்றிப் பேசுவதில் தவறில்லை. ஒரு முறை பொருந்தாமையால் தாம் குணமடையார் என்று எவரும் எண்ணலாகாது. தற்கொலை எண்ணம் தோன்றினால் முறையைப் பற்றிய ஆராய்ச்சிக்கே இடமில்லை. உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

கோயில் வழிபாடும் யோகமும் நண்பர் துணையும் பலரைத் தாங்கி நிறுத்துகின்றன. அவற்றை எவரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் விரதம் இருந்தும் கனவு விடவில்லை என்று வருந்துவோரை, பக்தி போதவில்லை என்று சொல்லி மேலும் வருத்தலாகாது. சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீண்ட நம் முன்னோர் பலர், அதனைப் பற்றிப் பேசாமலே மறைந்தனர். அம்மௌனத்தை நாம் குறை கூறோம். அன்று அவர்க்குக் கேட்பாரும் இல்லை, சொல்லும் இல்லை. இன்று அவ்விரண்டையும் ஆக்கித் தர நம்மால் இயலும்.

இதன்பொருட்டுப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மனநலத் துறையில் தமிழ் அறிந்து பணிபுரிவோரையும் மொழிபெயர்ப்பாளரையும் ஒருங்கே அழைத்து, இச்சிகிச்சை முறைகளை எளிய தமிழில் விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தொகுக்க வேண்டும். கலைச்சொற்களை மட்டும் அடுக்கும் பட்டியலாக அஃது அமையலாகாது. நம் மக்கள் மருத்துவர் முன் உண்மையில் சொல்லும் சொற்கள், தொடர்கள் அதில் இடம்பெற வேண்டும். 'நெஞ்சு அடைக்கிறது', 'பித்துப் பிடித்தாற்போல் இருக்கிறது', 'தூக்கம் வரமாட்டேன் என்கிறது' என்பவை எதனைக் குறிக்கக்கூடும் என்று விளக்க வேண்டும். அப்பணிக்கு எம்மால் இயன்ற உழைப்பைத் தரக் காத்திருக்கிறோம்.