கொள்ளற்குரிய மானும் விடற்குரிய மானும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேட்டையைப் பற்றிப் பேச வந்த யாம் முதற்கண் ஒன்று கூறிவிடல் வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமென விலக்கியது, அது தக்கதே. ஆகவே யாம் கூறப்புகுவது நம் காட்டு வேட்டையன்று. ஸ்காட்லாந்தின் வடமலைப் பகுதியில் இன்றும் முறைப்பட நடைபெறும் செம்மான் வேட்டையே.

அம்மலைகளில் ஓநாய் நெடுங்காலத்திற்கு முன்னரே அற்றொழிந்தது. மானை அடித்துண்ணும் பெருவிலங்கு வேறில்லை. மான் அளவிறந்து பெருகின், முளைக்கும் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடும். பின்னர்ப் பனிக்காலத்தில் தானும் பசியால் மடியும். க்ளென்ஃபெஷி என்னும் பள்ளத்தாக்கில் 2004-ஆம் ஆண்டளவில் மான்தொகையைக் குறைக்கத் தொடங்கியபோது பெரும் பூசல் எழுந்தது. குறைத்த பின்னரோ, பைன் மரக் கன்றுகள் வேலியின்றியே எழுந்தன. ஆதலின், கொல்வதா விடுவதா என்பதினும் எதனைக் கொல்வது, எதனை விடுவது என்பதே அங்குள்ளார்க்குப் பெரிய வினா.

இவ்வினாவை ஆராய நம் தமிழ் நமக்கு நன்கு உதவுகின்றது. ஆண்மான் கலை, பெண்மான் பிணை, குட்டி மறி. இப்பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைத்திருத்தலை நீவிர் அறிவீர்.

முதலிற் கலையைக் காண்போம். ஆட்டின் கொம்பு போன்றதன்று கலையின் கொம்பு. ஆண்டுதோறும் இளவேனிலில் உதிர்ந்து, மெல்லிய மயிர்த்தோல் போர்த்துப் புதிதாய் வளர்வது. பன்னிரு கிளையுடைய கலையை ஆங்கிலேயர் ‘ராயல்’ என்பர். பொருள் கொடுத்து வேட்டைக்கு வருவோர் கண் அக்கிளைகளின் மேலதே. உடன் வரும் வழிகாட்டியின் கண்ணோ உடலின் மேலது. அவனை ‘ஸ்டாக்கர்’ என்பர். கிளைகளை எண்ணி வயதை அறிதல் இயலாது. கழுத்தைத் தாழ்த்தி நடத்தல், வயிறு தொங்குதல், முதுகு வளைதல் ஆகியன முதுமைக் குறிகள். முதுமையிற் கொம்பும் ஆண்டுக்காண்டு சிறுத்துக் கிளை குன்றும். அத்தகையதைக் கொள்ளலாம். கிளையின்றி ஈட்டிபோல் நீண்ட கொம்புடைய கலையையும் முற்படக் கொள்வர். போரில் எதிரியின் கொம்போடு பிணையாது உடலிற் பாய்ந்து ஊறு செய்யும் என்பது பற்றி. நடுவயதினதாய், நிமிர்ந்த கழுத்தும் செழுங்கொம்பும் உடையதனையோ இணைவிழைச்சுக் காலத்திற்கென விட்டுவிடுவர். இரண்டு நாழிகை ஈரப்புல்லில் மார்பால் ஊர்ந்து சென்று, தொலைநோக்கியால் நோக்கி, ‘இது வேண்டா’ என்று வழிகாட்டி கூறின், துப்பாக்கியைத் தாழ்த்தித் திரும்புதலே மரபு. செல்வர்க்கு அது கசக்கும். ஆயினும் அவன் சொல்லே அங்கே ஆணை.

வழிவழி வந்த மதிப்பீடும் சிலபோது பிழைபடும். கொம்பே முளையாத கலைகள் சில உண்டு. ‘ஹம்மல்’ என்பது அவற்றின் பெயர். அவ்வியல்பு மக்கட்கும் இறங்குமென அஞ்சி அவற்றைத் தேடிச் சுட்டனர். ரம் என்னும் தீவில் ஆராய்ச்சியாளர் அத்தகைய கலையொன்றைப் பிணைகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தனர். பிறந்த ஆண்மறிகள் கொம்புடையனவாயின!

இனிப் பிணை. உண்மையில் எண்ணிக்கையை ஆள்வது இதுவே. ஒரு கலை பல பிணைகளைச் சேருமாதலின், கலைகளை எத்துணை கொன்றாலும் பிறப்புக் குறைவதில்லை. ஆயினும் கொம்பில்லாப் பிணையைச் சுவரில் மாட்டிப் பெருமை கொள்வார் இலர். அதற்கெனப் பொருள் கொடுப்பாரும் அரியர். பனியில் உறைந்து, குறும்பகற் பொழுதில், கூலிக்குச் செய்யும் பணி அது. பகட்டுக்குரியதனைச் செய்து பயனுக்குரியதனைப் புறக்கணித்ததாலன்றோ அம்மலைகள் மரமற்று நின்றன என்பது எம் கருத்து.

பிணையிலும் தெரிவு உண்டு. அவ்வாண்டு ஈனாதது, முகம் நீண்டு உடல் வற்றிய முதியது, நோயுற்றது ஆகியவற்றை முன்னர்க் கொள்வர். மறியோடு நிற்பதனைக் கொள்ளின் மறியையும் உடன் கொள்ளல் வேண்டும். அஃது இயலாதெனின் இரண்டையும் விடல் வேண்டும். கேட்கக் கொடிதாய்த் தோன்றும் இவ்விதி உண்மையில் இரக்கத்தாற் பிறந்தது. ரம் தீவில் 1953-ஆம் ஆண்டு முதல் செம்மான்களை ஆராய்ந்து வருகின்றனர். பால்மறந்த பின்னரும் தாயை இழந்த மறி, சிறப்பாக ஆண்மறி, நெடிது வாழ்தல் அரிதென்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று.

இவையன்றி, மான் தக்கதேயாயினும் சுடலாகா நிலைகளும் உள. மலைமுகட்டில் வானம் பின்னாக நிற்பின், குண்டு எங்குச் சென்று வீழும் என்பது தெரியாது. பின்னே வேறொரு மான் மறைந்து நிற்பின் ஒரு குண்டு இரண்டையும் துளைக்கும். ஐயமுற்றவிடத்து வாளா இருத்தலே முறை.

வீழ்த்திய மானைக் குதிரையிலோ வண்டியிலோ ஏற்றிக் கொணர்ந்ததும் வழிகாட்டி கீழ்த்தாடையை அறுத்தெடுத்துக் கழுவுவான். பல்லின் தேய்வு வயதைக் கூறும். மலைமேல் தான் மதித்த வயது அதனோடு ஒத்ததா என நோக்கி, ஒரு சீட்டில் எழுதித் தாடையிற் கட்டிவைப்பான்.